தண்ணீருக்குள் ஒரு பள்ளம்

ஒர்னெல்லா பென்ஸோவைக் காப்பாற்றும் வேலை என்னிடம் வந்தபோது, முதலில் எனக்குத் தோன்றியது இதுதான்: அவள் நிஜமாகவே திருடியிருந்தால் நன்றாக இருக்கும்.

இப்படி ஆசைப்படும் துப்பறிவாளரை யாரும் அமர்த்தக் கூடாது. ஆனால் அவளுடைய வக்கீலுக்கு என் மனசு தெரியாது. வெனிஸில் சந்து சந்தாக விசாரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். எல்விரா ஸென்னாரோ என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட காரணத்தை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வழக்கு சிறியது. ஒர்னெல்லா தனியார் வழிகாட்டி. ஒரே நாளில் ஊர் முழுவதையும் காட்டிவிடுவாள். அதற்குத்தான் அவளுக்குப் பெயர். முந்தாநாள் வால்ட்டர் ப்ரைஸ் என்ற அமெரிக்கரைக் கூட்டிக்கொண்டு போனாள். காலையில் சான் மார்க்கோ, நடுப்பகலில் மீன் சந்தை, மாலையில் கொர்பெல்லி மாளிகை. அங்கே மாடி அறையின் கண்ணாடி அலமாரியில் ஒரு தங்க மூக்குப்பொடி டப்பா இருந்தது. அவர்கள் வந்து போன பிறகு அது இல்லை. பூட்டு உடையவில்லை. வருகிறவர்களுக்குத் திறந்து காட்ட அலமாரிச் சாவி ஒன்று ஒர்னெல்லாவிடம் இருக்கிறது.

"என்னை மாடத்துல நின்னு வேடிக்கை பாக்கச் சொல்லிட்டு, அந்தம்மா மட்டும் அறைக்குள்ள இருந்தாங்க" என்று ப்ரைஸ் போலீஸில் சொல்லிவிட்டார். இன்று மாலை மாளிகைக்கே வந்து அதைக் காட்டிக் கையெழுத்துப் போடுவார். இரவு விமானத்தில் போய்விடுவார். அதற்குப் பிறகு ஒர்னெல்லாவுக்கு உரிமமும் போகும், சிறையும் உண்டு.

ஆக, எனக்கும் ஒரே நாள்தான். அதே ஊர், அதே பாதை, அதே வழிகாட்டி.

*

சான் மார்க்கோ சதுக்கத்தில் அவள் எங்களுக்காகக் காத்திருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கையில் குடை. முகத்தில் தூக்கமில்லை.

"நீயா?" என்றாள். "வக்கீல் பேரைச் சொல்லவே இல்ல."

"சொல்லியிருந்தா?"

"ஜெயிலுக்கே போயிருப்பேன்."

என் உதவியாளன் நேரியோ இடையில் புகுந்தான். "அங்க சாப்பாடு நல்லா இருக்காதுங்க. நான் விசாரிச்சிருக்கேன்."

நேரியோவுக்கு நாற்பத்தைந்து வயது. நிலப்பகுதியில், மெஸ்த்ரேயில் பிறந்து வளர்ந்தவன். தண்ணீர் என்றால் குழாயில் வரவேண்டும் என்பது அவன் கொள்கை.

இப்போது நானும் மெஸ்த்ரேதான். நான் பிறந்த வீடு இங்கே, காஸ்தெல்லோவில் இருக்கிறது. அது ஒர்னெல்லாவின் அப்பாவுக்குச் சொந்தம். நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவர் இறந்ததும் அவள் எங்களைக் காலி செய்யச் சொன்னாள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். என் அம்மாவின் அடுப்படி ஜன்னலில் ஒரு டென்மார்க் தம்பதி காபி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒர்னெல்லாவும் நானும் ஒரே பெஞ்சு.

"நேரத்தை வீணாக்காத. முந்தாநாள் எப்படிப் போனியோ அப்படியே நட" என்றேன்.

நடந்தாள். சதுக்கத்தில் என்ன சொன்னாள், ப்ரைஸ் எங்கே நின்றார், எங்கே மூத்திரம் போனார் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் அதிகம் பேசவில்லையாம். மணிக்கூண்டைப் பார்க்கக்கூட இல்லையாம்.

"ஊரைப் பாக்க வந்தவரு ஊரைப் பாக்கலையா?" என்றான் நேரியோ.

"பாதிப் பேர் அப்படித்தான். போனைப் பாப்பாங்க. பொண்டாட்டியைத் திட்டுவாங்க. இவர் ரெண்டும் செய்யல. நல்ல மனுஷன்னு நெனச்சேன்."

"நல்லா வாடகை கொடுக்கற மனுஷன்" என்றேன்.

அவள் நின்றாள். "இன்னிக்கு முழுக்க இதேதானா?"

"சாயங்காலம் வரைக்கும்."

*

சாந்தா சோஃபியா துறையில் பெரிய கால்வாயைக் கடக்க வேண்டும். அங்கே பாலம் கிடையாது. அக்கரையில் மீன் சந்தை. இரண்டு பேர் துடுப்புப் போடும் பழைய கொண்டோலா ஒன்று இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் போய் வரும்.

ஒர்னெல்லா ஏறினாள். நான் ஏறினேன். பையை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றோம். காய்கறிக் கூடையோடு ஒரு கிழவர் எங்கள் பக்கத்தில் நின்று செய்தித்தாள் படித்தார். நேரியோ மட்டும் தவழ்ந்து வந்து பலகையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

துடுப்புக்காரர் அவனைப் பார்த்தார். "மெஸ்த்ரேயா?"

"எப்படித் தெரியும்?"

"விளிம்பை விடு தம்பி. படகு எங்கயும் ஓடிப் போகாது."

"எங்க அம்மா என்னை நிலத்துல பெத்தாங்க. அவங்க பேச்சை மீறமாட்டேன்." பிறகு ஒர்னெல்லாவிடம் திரும்பினான். "அந்த அமெரிக்கர் எங்க உக்காந்தாரு? இந்த இடத்துலயா? இங்க ஒரே ஈரம்."

"அவர் உக்காரவே இல்ல. என் பக்கத்துல நின்னுட்டுத்தான் வந்தாரு" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

பாதிக் கால்வாய் போயிருக்கும். என் மனசுக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திரும்பிப் படுத்தது.

"நீ நிக்கச் சொன்னியா?"

"இல்ல."

"கையைப் பிடிச்சு ஏத்தினியா?"

"இல்லையே."

"நீ ஏத்திவிடாத வெளியூர்க்காரன் இதுவரைக்கும் யாராவது உண்டா?"

ஒர்னெல்லா என் பக்கம் திரும்பினாள். இருபது வருடமாக ஆயிரக்கணக்கானவர்களைக் கைப்பிடித்து இந்தப் படகில் இறக்கியவள். உட்காருங்கள், எழுந்திருக்காதீர்கள், எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள் என்று தொண்டை வறளக் கத்தியவள். ஒருவன் வந்து பேசாமல் ஏறி, காலை அகட்டி நின்று, அக்கரையில் இறங்கியிருக்கிறான். அதை அவள் கவனிக்கவே இல்லை. அவள் வீட்டில், தெருவில், உறவில் எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். சரியாக நிற்கிறவனை யார் பார்க்கப் போகிறார்கள்?

நானே அப்போதுதான் என் கால்களைப் பார்த்தேன். ஊரை விட்டுத் துரத்தப்பட்டு ஒன்பது வருடம். கால்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

"மேடம்" என்றான் நேரியோ கீழிருந்து. "அமெரிக்காவுலயும் ஏரி இருக்கு. படகு இருக்கு. அலையில பலகை மேல நிக்கற பசங்க இருக்காங்க. போலீஸ்ல போய், 'சார், இவர் விழல, அதனால இவர் திருடன்'னு சொன்னா நம்மளைத்தான் உள்ள வெப்பாங்க."

அவன் சொன்னது சரி. எனக்கு இருந்தது சந்தேகம்தான். சாட்சி இல்லை.

*

கொர்பெல்லி மாளிகைக்கு இரண்டு வாசல். முன்வாசல் கால்வாயில், படகில்தான் வரமுடியும். பின்வாசல் ஒரு குறுகிய சந்தில். ஒர்னெல்லா எங்களைச் சந்து வழியாகக் கூட்டிப் போனாள். சந்து திரும்பும் இடத்தில், "பாத்து வாங்க" என்றாள்.

அதற்குள் நேரியோ ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு கல் பெயர்ந்து, அரை ஆள் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது.

"இதை மூட மாட்டாங்களா?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து கெடக்கு. கொர்பெல்லிக்காரங்க எதையும் மாத்த மாட்டாங்க. ஆணி கழண்டா அதையும் அப்படியே விட்டுட்டு, பரம்பரைன்னு சொல்லுவாங்க."

"ப்ரைஸும் இதுல விழுந்தாரா?" என்றேன்.

"அவரை இந்தப் பக்கம் ஏன் கூட்டிட்டு வரப்போறேன்? படகுல வந்தோம், படகுல போனோம். காசு கொடுத்தவனை இதுல தள்ளினா என் மேல கேஸ் போடுவான்."

"இப்ப மட்டும் என்ன வாழுது" என்றான் நேரியோ, கணுக்காலைத் தேய்த்தபடி.

அந்த நேரத்தில்தான் ஊர் முழுக்கச் சங்கு ஊதியது. ஊருக்குள் கடல் ஏறாமல் தடுக்கும் மதகுகள் வருவதற்கு முந்தைய நவம்பர் அது. தண்ணீர் ஏறப்போகிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். சங்கு முடியும்வரை ஒர்னெல்லாவும் நானும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்னும் சில மணி நேரத்தில் இந்தச் சந்தில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிற்கும். தரை தெரியாது.

நான் அந்தப் பள்ளத்தைப் பார்த்தேன்.

"ஒர்னெல்லா, பிடிக்கலன்னாலும் ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு. சாயங்காலம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"உனக்கு என்ன தோணுது? சொல்லித் தொலை."

"இந்தப் பள்ளத்தை நான் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்கப் போறேன்."

போலீஸ் அதிகாரி ஸ்கலீஸேவுக்குப் போன் செய்தேன். முன்வாசல் படிகள் தண்ணீரில் முழுகிவிடும், பின்வழியாக வாருங்கள் என்றேன். அவர் தெற்கத்திக்காரர். இந்த ஊரில் எந்த வழியும் அவருக்கு ஒன்றுதான். எல்லாமே பிடிக்காது.

*

மாலையில் ஊர் பழுப்பாக நனைந்து கிடந்தது. எல்லோர் காலிலும் பூட்ஸ். எனக்கு மட்டும் இந்த ஊரில் ஒரு ஜோடி பூட்ஸ் வைக்க வீடு இல்லை. தெரு வியாபாரியிடம் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் உறை வாங்கி, முழங்கால் வரை இழுத்துக் கட்டினேன். நேரியோவும் கட்டினான்.

"மேடம், போட்டோ எடுக்கட்டுமா? அப்படியே டூரிஸ்ட் மாதிரி இருக்கீங்க."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அது எங்கே போய்த் தைத்தது என்று அவனுக்குத் தெரியாது.

ப்ரைஸ் ஹோட்டல் வாசலில் நின்றார். அறுபது வயதைத் தாண்டியவர். உயரம், நல்ல கோட்டு, அவர் காலிலும் அதே ஆரஞ்சு உறை. பக்கத்தில் ஸ்கலீஸே. நாலடி தள்ளி ஒர்னெல்லா, உதட்டைக் கடித்தபடி.

வெள்ளத்துக்காகப் போட்டிருந்த பலகை நடைபாதை மாளிகைச் சந்தின் முனையோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் தண்ணீர்தான்.

"நீங்க முன்னாடி போங்க, திரு. ப்ரைஸ்" என்றேன் ஆங்கிலத்தில். "நேரா போய் ஒரே ஒரு திருப்பம்."

இறங்கி நடந்தார். மெதுவாக, தண்ணீரைப் பார்த்தபடி நடந்தார். அப்படி நடந்தால் எனக்குப் பயனில்லை. பார்த்து நடக்கிறவனின் கால் பொய் சொல்லும். கோபத்தில் இருக்கிறவனின் காலுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

"ஒரு நாள்ல ஊரைப் பாத்துட்டீங்களாமே" என்றேன். "எப்படி இருந்துச்சு? விலைக்குத் தகுந்த மாதிரி இருந்துச்சா?"

"எனக்குப் பேச விருப்பமில்லை."

"உங்களை மாதிரி ஆளுங்களுக்குப் படுக்கை போடணும்னுதான் என்னை என் வீட்டை விட்டுத் துரத்தினாங்க. எங்க அம்மா படுத்த அறையில இப்ப சக்கரப் பெட்டி நிக்குது. வருவீங்க, ஒரு நாள் மிதிப்பீங்க, போயிடுவீங்க. இந்த ஊருக்கு உங்களுக்கு என்ன உரிமை?"

நடிப்பு என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அது நடிப்பாக இல்லாமல் போயிற்று. என் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

அவர் கழுத்து சிவந்தது. நடை வேகமானது. "உரிமையா? உரிமையைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா?" என்றார். முகத்தைப் பாதி என் பக்கம் திருப்பிக்கொண்டே நடந்தார். "உங்களுக்கு என்ன தெரியும்? யார் யாரை எங்கேருந்து துரத்தினாங்கன்னு..."

திருப்பம் வந்தது. தண்ணீர் ஒரே சீராக, மூடிய கண் போலக் கிடந்தது. அவர் கீழே பார்க்கவில்லை. வலது காலைத் தூக்கி, நீளமாக எட்டி வைத்து, அப்பால் போனார். பேச்சு நிற்கவில்லை.

அவர் பின்னாலேயே வந்த ஸ்கலீஸே தொடை வரை உள்ளே போனார்.

தெற்கத்திக் கெட்ட வார்த்தைகள் கொஞ்ச நேரம் சந்தை நிறைத்தன. நேரியோ அவருக்குக் கை கொடுத்துத் தூக்கினான்.

"சார், அவர் அடி ஒட்டித்தானே வந்தீங்க? அவர் மட்டும் எப்படி நனையல?"

"அதான் எனக்கும் தெரியல" என்றார் ஸ்கலீஸே, பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டியபடி. சொல்லிவிட்டு மெதுவாக நிமிர்ந்தார். "நீங்க இந்த வழியா முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இவர் படகுல வந்தார், படகுல போனார்" என்றேன். "உங்ககிட்ட கொடுத்த வாக்குமூலத்துலயே அப்படித்தான் சொல்லியிருக்கார். வாழ்க்கையில இதான் முதல் தடவை இந்த ஊருக்கு வரேன்னும் சொல்லியிருக்கார்."

ப்ரைஸ் திரும்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் காலைப் பார்த்தார். பிடிபட்டவனின் முகம் இல்லை அது. மறந்துவிட்டதாக நினைத்த ஒரு பெயரை யாரோ கூப்பிட்ட முகம்.

"சின்ன வயசுல இதுல மூணு பல்லு போச்சு" என்றார். ஆங்கிலத்தில் சொல்லவில்லை. எங்கள் பேச்சில், எங்கள் தாத்தா காலத்து வெனிஸ் பேச்சில் சொன்னார்.

*

அவர் பெயர் குவால்த்தியேரோ. அப்பா இந்த வீட்டின் படகுக்காரர். பின்வாசலுக்குப் பக்கத்து அறையில்தான் குடும்பம் இருந்தது. ஒரு நாள் இதே தங்க டப்பாவைக் காணோம் என்று கொர்பெல்லிகள் படகுக்காரரைக் கைகாட்டினார்கள். வேலை போயிற்று, அறை போயிற்று. கப்பல் ஏறினார்கள்.

"நாலு மாசம் கழிச்சு டப்பா கெடச்சிடுச்சு. ஒரு கோட்டுப் பையில இருந்துச்சாம். பக்கத்து வீட்டம்மா எங்களுக்கு எழுதினாங்க. ஆனா இந்த வீட்டுலேருந்து ஒருத்தர்கூட எழுதல. அப்பா சாகற வரைக்கும் தபால்காரனைப் பாத்துட்டே இருந்தாரு."

"அதுக்காக இப்ப வந்து எடுத்தீங்க."

"அந்தம்மா மாடத்துக் கதவைத் திறக்கப் போனாங்க. மாத்துச் சாவியை இன்னும் அந்த அலமாரி தலையிலேயே வெச்சிருக்காங்க. கை நீட்டினேன், இருந்துச்சு." அவர் சிரிக்கவில்லை. "இதைத் திருட்டுன்னு சொல்லாதீங்க. இதுக்கு எங்க அப்பா ஏற்கெனவே விலை கொடுத்துட்டாரு."

கோட்டின் உள்பையிலிருந்து டப்பாவை எடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு மஞ்சள் வெளிச்சம். திருப்பத்துக்கு அப்பால் சந்தை ஒட்டியே ஒரு சிறு கால்வாய். கையைத் தண்ணீர் மேல் நீட்டினார்.

"போட்டுட்டா?"

ஸ்கலீஸே நகரவில்லை. டப்பா போய்விட்டால் மிஞ்சுவது ஒரு கிழவர் கால் வைத்த கதை மட்டும்தான். அவர் மாற்றிப் பேசிவிட்டால் ஒர்னெல்லாதான் மறுபடியும். அது ஒர்னெல்லாவுக்கும் தெரிந்திருந்தது. குடையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"நீங்க எங்க இருக்கீங்க?" என்று அவர் என்னைக் கேட்டார். "துரத்தினாங்கன்னு சொன்னீங்களே. அது பொய்யில்ல. எனக்கு அந்தக் குரல் தெரியும்."

"மெஸ்த்ரே."

"துரத்தினது யாரு?"

நான் ஒர்னெல்லாவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"இவளுக்காகவா இத்தனையும் பண்றீங்க?"

அந்த ஒரு நிமிடத்தில், கை விரியட்டும் என்று என்னுள் ஒருத்தி காத்திருந்தாள். அவளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. காலையிலிருந்து என் கூடவே நடந்து வந்தவள் அவள்.

"இவளுக்காக இல்ல" என்றேன். "அதே வீடு, அதே டப்பா, செய்யாத திருட்டு. உங்க அப்பா நின்ன இடத்துல இப்ப இவளை நிறுத்தியிருக்கீங்க. இவ எனக்கு ஆகாதவ. ஆனா அந்த இடம் யாருக்கும் ஆகாத இடம். அது உங்களுக்குத் தெரியாதா?"

தண்ணீர் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தது.

"போடறதுன்னா போடுங்க. படகுக்காரன் வீட்டு ஆளுங்க திருடத்தான் செய்வாங்கன்னு அன்னிக்குச் சொன்னாங்க இல்ல, அது இன்னிக்கு நிஜமாயிடும்."

அவர் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு டப்பாவை ஸ்கலீஸேவிடம் கொடுத்தார். ஒர்னெல்லாவின் பக்கம் பார்க்காமல், "நீங்க கதவைத் திறக்கப் போனீங்க. நான் சொன்னது பொய்" என்றார். ஸ்கலீஸே அவர் தோளைத் தொட்டார். போகும்போது அந்தத் திருப்பத்தில் ப்ரைஸ் மறுபடியும் காலை நீட்டி வைத்தார். இந்த முறை ஸ்கலீஸேவும் அதே மாதிரி வைத்தார்.

*

"மேடம், நல்லவரைப் பிடிச்சுக் கொடுத்துட்டு கெட்டவங்களைக் காப்பாத்தியிருக்கோம்" என்றான் நேரியோ காதோடு. "இதுக்குப் பில் எப்படிப் போடறது?"

"வக்கீலுக்கு அனுப்பு."

ஒர்னெல்லா என் எதிரில் வந்து நின்றாள்.

"நன்றி சொல்வேன்னு எதிர்பாக்காத."

"எதிர்பாக்கல."

"நீ அவர்கிட்ட கத்தினியே, அது எனக்குச் சொன்னதுதானே?"

"ஆமா."

அவள் என் ஆரஞ்சு உறைகளைப் பார்த்தாள். இடது உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தது. "உங்க அம்மா பூட்ஸ் அந்த வீட்டுலதான் இருக்கு. பச்சை ஜோடி. நீங்க விட்டுட்டுப் போனது. தங்க வர்றவங்களுக்குக் கொடுக்கறேன்."

அம்மா அவற்றைக் கடைசிவரை தேடினாள். எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன் என்று மெஸ்த்ரே வீட்டின் அலமாரிகளைத் திறந்து திறந்து மூடினாள்.

"எனக்கு அது வேணும்" என்றேன். "இப்பவே."

"ஓட்டை. வர்றவங்க எல்லாரும் புகார் சொல்றாங்க."

"இருக்கட்டும்."

மூவரும் தண்ணீரில் காஸ்தெல்லோ வரை நடந்தோம். அவள் மேலே போனாள். நான் போகவில்லை. என் அம்மாவின் ஜன்னலில் யாரோ ஒரு பெண் நின்று தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒர்னெல்லா கதவைப் பாதி திறந்து, பூட்ஸை என் கையில் கொடுத்து, வேறொன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

வாசற்படியில் நின்று மாட்டினேன். ஒரு சைஸ் சின்னது. பத்தடி நடப்பதற்குள் இடது காலில் தண்ணீர் ஏறிவிட்டது.

"நனையுதா மேடம்?" என்றான் நேரியோ.

"நனையுது."

"கழட்டிடுங்களேன்."

பஸ் நிலையம் வரை கழற்றவில்லை. அதற்கப்பால் பாலம், நிலம், மெஸ்த்ரே. அங்கே பூட்ஸ் போட்டுக்கொள்ளும் அவசியம் யாருக்கும் வருவதில்லை.